நாற்பத்தெட்டு இலக்கத்தில் ஒரு எட்டு

நாங்கள் நாசரேத் பக்கத்துப் புராட்டஸ்டன்ட் குடும்பம். மாப்பிள்ளை வீட்டார் தூத்துக்குடிக் கடற்கரைக் கத்தோலிக்கர். எந்தக் கோயிலில் கல்யாணம் என்று மாதக்கணக்கில் மல்லுக்கட்டி, ஒருவழியாக அவர்கள் கோயிலில்தான் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைப் பூசையில் எங்கள் பெயர்களைச் சொல்லி ஓலை என்கிற கல்யாண அறிவிப்பை வாசித்துவிட்டால் ஊரறிய உறுதியாகிவிடும். அந்த நேரம் பார்த்து ஒரு எண் வந்து குறுக்கே நின்றது.

அந்த எண்ணை உண்டாக்கியவர் என் வருங்கால மாமனார். பதிவுக்காக நான் கொடுத்த ஆதார் நகலை வைத்து, தன்னுடையது, தன் மனைவியான அத்தையுடையது, கப்பலில் இன்ஜினியராக இருக்கும் மாப்பிள்ளை மகனுடையது, என்னுடையது என்று நான்கையும் ஒட்டி ஒரே எண்ணாக எழுதியிருக்கிறார். நாற்பத்தெட்டு இலக்கம்! கோடி கோடி என்று எத்தனை கோடி போட்டாலும் வாசித்து முடியாது. இலக்கங்களைக் கூட்டி, வந்ததையும் கூட்டி, கடைசியில் நின்றது எட்டு. எட்டு ஆகாது, ஓலை வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அத்தை போனில் விஷயத்தைச் சொன்னதும் எனக்கு வந்ததே கோபம். கல்லூரியில் கணக்கு நடத்துகிறவளிடமே எண்ணைக் காட்டிக் கல்யாணத்தை நிறுத்துவதா? வண்டியை எடுத்துக்கொண்டு நேரே அவர் வீட்டுக்குப் போய்விட்டேன்.

மாமா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து இன்னும் கூட்டிக்கொண்டிருந்தார். மகன் எண்ணை முன்னால் போட்டால் மாறுமா, என் எண்ணைக் கடைசிக்குத் தள்ளினால் மாறுமா என்று தாள் தாளாக எழுதிப் பார்த்திருக்கிறார். எல்லாவற்றிலும் எட்டு. எப்படி மாறும்? இலக்கங்களை எப்படிக் கலைத்துப் போட்டாலும் கூட்டுத்தொகை அதேதானே. எனக்குச் சிரிப்பு முட்டியது. பிறகுதான் உறைத்தது, மனிதர் கல்யாணத்தை நிறுத்தப் பார்க்கவில்லை, எப்படியாவது நடத்திவிடத்தான் பார்க்கிறார். கோபம் பாதி இறங்கிவிட்டது.

அத்தை முந்திரி மக்ரூனை ஒரு தட்டில் என் முன்னால் வைத்துவிட்டு மெதுவாகக் காரணம் சொன்னார். மாமாவின் தம்பி போன விசைப்படகு திரும்பி வரவில்லையாம். அதன் நம்பரைக் கூட்டினாலும் எட்டுதானாம்.

நான் தாளை வாங்கிப் பார்த்தேன். இத்தனை பெரிய எண்ணை வகுக்காமலே அதைப் பற்றிச் சொல்லிவிடலாம். கடைசி இலக்கம் இரட்டை, அதனால் இரண்டால் வகுபடும். கூட்டுத்தொகை எட்டு, அதனால் ஒன்பதால் வகுத்தால் எட்டு மிஞ்சும். என் ஆதார் எண்ணை மட்டும் தனியே கூட்டினேன். ஒன்பது. துள்ளிக் குதிக்காத குறைதான்.

இந்தக் கூட்டலில் ஒன்பது வந்து சேர்ந்தால் விடை மாறவே மாறாது. எட்டும் ஒன்பதும் பதினேழு, ஒன்றும் ஏழும் மறுபடி எட்டு. என்னை விட்டுவிட்டுக் கூட்டுங்கள் என்றேன். மாமா அவர்கள் மூன்று பேருடையதையும் கூட்டினார். எட்டு.

"எட்ட நான் கொண்டு வரல மாமா. அது ஏற்கெனவே ஒங்க வீட்டுலதான் இருந்திருக்கு."

ஜெயித்துவிட்ட மிதப்பில் ஒரு மக்ரூனை எடுத்து வாயில் போட்டேன். அப்போதுதான் அவர் முகத்தைப் பார்த்தேன். என்மேல் இருந்த பயத்தைத் தூக்கி, கடலுக்குப் போகிற அவர் மகன்மேலேயே வைத்துவிட்டேனே, பாவி.

அத்தைதான் பேசினார். இந்த எட்டோடுதானே அவனை வளர்த்தோம், படிக்க வைத்தோம், கப்பலுக்கும் அனுப்பினோம், ஒவ்வொரு தடவையும் வந்துகொண்டுதானே இருக்கிறான் என்றார். மாமா அவர் பக்கம் திரும்பவில்லை. என்னையே பார்த்தார்.

"ஏளா, நீ கணக்குப் படிச்சவ. அவன் எப்பவும் திரும்பி வந்துருவான்னு சொல்லுத நம்பர் ஏதாவது இருக்கா?"

இருக்கிறது என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பார். நாக்கு நுனிவரை வந்தது.

"இல்ல மாமா. ஆனா இனிமே நீங்க ஒத்தையில பயப்பட வேண்டாம். நானும் சேந்து பயப்படுதேன்."

மாமா தாள்களை எல்லாம் மடித்து வைத்தார். பிறகு எழுந்து, சட்டையை எடு, கோயில் சாமியாரைப் பார்த்து ஓலை வாசிக்கச் சொல்லிவிட்டு வந்துவிடுகிறேன் என்று அத்தையிடம் சொன்னார்.