சக்கரம் தெரிந்த வேர்

கனடாவில், மில்லிக்கனில் இருந்த எங்கள் வீட்டின் நிலக்கீழ் பேஸ்மென்ற்றில் சித்தியும் சித்தப்பாவும் இருந்தார்கள். எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது அங்கிருந்து ஒரு கசப்பு மணம் படியேறி வந்து, பிறகு போக மறுத்தது. பிளாசாவில் இருந்த சீனக் கடையில் வாங்கிய மருந்தைச் சித்தி அவிக்கிறார் என்று தெரிந்தது. எதற்கு என்று கேட்டால், "சும்மா, உடம்புக்கு" என்பதோடு கதவு சாத்தப்படும்.

அப்பா ஊரில் தாவரவியல் படித்தவர். கனடாவில் அந்தப் படிப்புக்கு வேலை கிடைக்காததால், வீட்டுக்கு வரும் கீரைகளுக்கெல்லாம் லத்தீன் பெயர் சொல்லி அம்மாவின் பொறுமையைச் சோதிப்பார். பெயர் தெரியாத வேர் ஒன்று தன் வீட்டிலேயே அவிவதை அவரால் தாங்க முடியவில்லை. சித்தி வேலைக்குப் போன நேரம் ஒரு பொட்டலத்தைக் கொண்டுவந்து சாப்பாட்டு மேசையில் பிரித்தார். சுருண்ட பட்டையைக் கடித்துப் பார்த்து, கறுவா என்றார். இன்னொன்று அதிமதுரமாம். அடுத்த வட்டத் துண்டைப் பூதக்கண்ணாடியில் பார்த்ததும் முகம் மாறிவிட்டது.

"இஞ்ச பாருங்கோ, நடுவில இருந்து சைக்கிள் சில்லுக்கம்பி மாதிரிக் கோடு. உது ஈஸ்வரமூலி இனம். படிக்கேக்க எத்தினை தரம் வெட்டிப் பாத்தனான்! கிட்னியைத் திண்டுபோடும்."

"அவள் என்னத்துக்கோ குடிக்கிறாள், விடுங்கோவன்," என்றார் அம்மா. அம்மாவுக்கு ஏதோ தெரியும் என்று எனக்கு அப்போதே சந்தேகம். அப்பா விடவில்லை. மிச்சப் பொட்டலங்களையும் எடுத்துக் குப்பையில் போட்டார். சித்தி வந்ததும் பெருமையாகச் சொல்லியும் விட்டார். நல்ல சண்டை ஒன்று வரும் என்று ஆவலோடு காத்திருந்தேன். சித்தி குப்பைவாளியை ஒருதரம் எட்டிப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார். அதுதான் எனக்குப் பயமாக இருந்தது.

அடுத்த வாரம், தன் கண்டுபிடிப்பை நிரூபிக்க, அந்தத் துண்டோடும் என்னோடும் அப்பா சீனக் கடைக்குப் போனார். கடைக்கார அம்மா ஒரு முழு வேரை எடுத்து அவர் கண்முன்னே சீவிக் காட்டினார். அதே சக்கரம். ஆனால் நஞ்சு இல்லையாம்; பயறு இனத்துச் செடியாம், சூப்பிலும் போடுவார்களாம். அப்பா மென்று பார்த்தார். பச்சைப் பயற்றின் வாசம் அவருக்கும் தெரிந்துவிட்டது. பிறகு அந்த அம்மா குரலைத் தாழ்த்தி, உண்டான கரு கலையாமல் தங்க வேண்டும் என்று வருபவர்களுக்குத் தான் கட்டிக்கொடுக்கும் மருந்து அது என்றார். நான் போத்தலில் காய்ந்துகிடந்த கடற்குதிரைகளைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பா புதுப் பொட்டலங்கள் வாங்கினார். திரும்பி வரும்போது ஒரு மரத்தின் பெயரும் சொல்லவில்லை.

வீட்டுக்கு வந்ததும் நேரே கீழே போனார். சித்தி படுத்திருந்தார். பக்கத்தில் அம்மா.

"நான் பிழை விட்டிட்டன், பிள்ளை. இந்தாரும், குடியும்."

சித்தி கையை நீட்டவில்லை. "இனித் தேவையில்லை, அத்தான். முந்தநாள் எல்லாம் முடிஞ்சுது."

சித்திக்குச் சுகமாகிவிட்டது என்று எனக்கு ஒரே சந்தோசம். ஓடிப்போய்க் கட்டிப்பிடித்தேன். சித்தி என்னை இறுக்கி அணைத்தவர், நெடுநேரம் விடவில்லை. சித்திக்குச் சுகமான பிறகு அப்பா ஏன் பொட்டலத்தோடு நின்று அழுகிறார் என்பதுதான் எனக்கு விளங்கவில்லை.