பொதிகை உச்சியில் பத்து நிமிஷம்

அனந்தலக்ஷ்மிக்கு அந்த மலை முதலில் வெறும் கோடுகளாகத்தான் பழக்கம். திருவனந்தபுரத்தில் ஓர் அரசு அலுவலகத்தின் வரைபடப் பிரிவில் முப்பத்தொரு வருஷம் வேலை பார்த்தவள் அவள். பழைய வரைபடத்தின் மேல் டிரேசிங் தாளை விரித்து, ஒரே உயரத்தில் இருக்கும் இடங்களைச் சேர்க்கும் வளைகோடுகளை ஒவ்வொன்றாக இழுக்க வேண்டும். கோடுகள் தள்ளித் தள்ளி இருந்தால் அங்கே நிலம் சமம். நெருங்கி வந்தால் சரிவு. அகஸ்தியர்கூடம் இருக்கும் தாளில் அவை தலைமயிர் போல ஒட்டிக்கிடக்கும். நடுவே சின்னதாக ஒரு முக்கோணம், பக்கத்தில் 1868 மீட்டர். பேனா நுனி கொஞ்சம் தடித்தாலும் மலை மசியாகிவிடும். கண்ணில் நீர் வழிய வழிய அந்தத் தாளை மட்டும் நாலு தடவை வரைந்திருக்கிறாள்.

கோட்டைக்குள் அக்ரஹாரத்தில் வீடு. மார்கழிக் காலையில் துணி உலர்த்த மொட்டை மாடிக்குப் போனால், வானம் துடைத்து வைத்தாற்போல் இருக்கும் நாட்களில், கிழக்கே அதே மலை கட்டைவிரல் நகத்தளவுக்கு நீலமாகத் தெரியும். தமிழ்ப் புஸ்தகங்களில் வரும் பொதிகை அதுதான். அங்கே போக வேண்டும் என்று அவள் நினைத்ததில்லை. பெண்களை விடுவதில்லை என்பதால் நினைப்புக்கே வேலை இல்லாமல் இருந்தது. பிறகு நீதிமன்றத் தீர்ப்பு வந்து, பெண்களும் போகத் தொடங்கினார்கள். ஐம்பத்தாறு வயதில் ஓய்வு பெற்ற அடுத்த ஜனவரியில், முன்பதிவு திறந்த நிமிஷமே கம்ப்யூட்டர் முன் உட்கார்ந்து தன் பெயரைப் போட்டாள்.

கணவர் நாகேஸ்வரன் பழவங்காடியில் நோட்டுப் புஸ்தகக் கடை வைத்திருப்பவர். இரவுச் சாப்பாட்டின்போது விஷயத்தைக் கேட்டதும் கையை இலையிலேயே வைத்துக்கொண்டார்.

"நோக்கென்ன பைத்தியமா? மாடிப்படி ஏறினாலே முட்டு வலிக்கறதுங்கறாய்."

"வலிச்சா வலிக்கட்டும்னா. டாக்டர் சர்ட்டிஃபிகேட் குடுத்துட்டார்."

"கூட யாரு வரா?"

"யாரும் இல்லை. அங்கே கைடு உண்டு. அது மதி, வேற துணை வேண்டாம்."

அவர் மோரை ஊற்றிச் சாப்பாட்டை முடித்தார். மறுநாள் சாலைக் கம்போளத்துக் கடைவீதியிலிருந்து அவள் அளவுக்கு ஒரு ஜோடி ஷூவும், அட்டை கடிக்காமலிருக்க முழங்கால்வரை வரும் காலுறையும் வாங்கிவந்து மேஜைமேல் வைத்தார்.

வித்துரா தாண்டி, தேயிலைச் செடிகளுக்கு நடுவே வளைந்து வளைந்து ஏறிய பஸ் அவளைப் போனக்காட்டில் இறக்கிவிட்டது. வனத்துறைச் சாவடியில் பெயரைச் சரிபார்த்து, பத்துப் பேரை ஒரு வழிகாட்டியோடு சேர்த்து அனுப்பினார்கள். வழிகாட்டி அப்புக்குட்டன் காணி, அந்தக் காட்டிலேயே பிறந்து வளர்ந்த காணிப் பழங்குடிக்காரர். அறுபதை ஒட்டிய வயது, வெறும் ரப்பர் செருப்பு. குழுவில் அனந்தலக்ஷ்மியைத் தவிர ஒரே ஒரு பெண். நாற்பது வயதிருக்கும். அவளே வந்து பேசினாள்.

"எனக்கு பேரு ரோஸ். பாறசாலையாக்கும். ஆஸ்பத்திரியில நர்ஸு. அக்கா தனியாட்டா வந்திய?"

"தனியாத்தான் வந்தேன்."

"அப்பம் நம்ம ரெண்டுபேரும் சேந்து போவலாம். மெதுவா நடக்கியதுக்கு எனக்கும் ஒரு ஆளு வேணும் கேட்டியளா."

முன்னால் போன இளைஞர்கள் அரைமணி நேரத்தில் கண்ணுக்கு மறைந்தார்கள். இவர்கள் இருவரும் கடைசி; வழிகாட்டி இவர்களோடு வந்தார். ஓடைகளைக் கல்மேல் கால் வைத்துத் தாண்டினார்கள். மரங்கள் அண்ணாந்து பார்த்தும் முடியவில்லை. ஒரு மரத்தின் அடிவேரைச் சுற்றிவர அனந்தலக்ஷ்மிக்குப் பதினாறு எட்டு வைக்க வேண்டியிருந்தது. ஓர் இடத்தில் யானைச்சாணி சூடு ஆறாமல் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. அப்புக்குட்டன் காணி விரலை உதட்டில் வைத்து இருவரையும் கால்மணி நேரம் நிற்க வைத்தார். காட்டுக்குள் எங்கேயோ மூங்கில் முறியும் சத்தம். பிறகு ஒன்றுமில்லை. அப்போது தன் நெஞ்சு அடித்துக்கொண்டது பயத்தாலா சந்தோஷத்தாலா என்று அவளுக்குத் தெரியவில்லை.

மதியத்துக்குப் பிறகு காடு சட்டென்று முடிந்து புல்வெளி வந்தது. அங்கே தலையை நிமிர்த்தியவள் அப்படியே நின்றுவிட்டாள்.

எதிரே மலை நின்றது. கட்டைவிரல் நகம் இல்லை, நீலமும் இல்லை. வானத்தில் பாதியை மறைத்துக்கொண்டு கறுத்த பாறை ஒன்று ஒரே வீச்சில் எழுந்து போயிருந்தது. அதன் இடுப்பில்தான் மேகங்கள் திரிந்தன. வெயில் பட்ட இடத்தில் ஈரம் வெள்ளிபோல் மினுங்கியது. தலைமயிர்க் கனத்தில் தான் இழுத்த கோடுகள் இதற்காகத்தானா என்று நினைத்தபோது அவளுக்கு வெட்கமாகக்கூட இருந்தது.

"ரோஸ், அதிலயா ஏறணும்?"

"அதிலதான் அக்கா."

"என்னால முடியாது. நாளைக்கு நான் கேம்ப்லயே இருக்கேன். நீ போயிட்டு வா."

அன்றிரவு தங்கிய அதிருமலை முகாமில் தகரக் கொட்டகைக்குள் உட்கார்ந்து சூடான கஞ்சியும் பயறும் சாப்பிட்டபோது ரோஸ் அவள் காலைத் தன் மடியில் எடுத்து வைத்து முட்டுக்குத் துணிக்கட்டுப் போட்டுவிட்டாள். "காலத்த எழும்பிப் பாத்துட்டு சொல்லுங்க" என்றாள்.

காலையில் அனந்தலக்ஷ்மி எல்லோருக்கும் முன்னால் ஷூவை மாட்டிக்கொண்டு வாசலில் நின்றாள். ஏன் மனசு மாறியது என்று பிற்பாடு பலர் கேட்டார்கள். தூங்கி எழுந்தேன், போகணும்னு இருந்தது என்பதுதான் அவள் பதில்.

மேலே போகப் போக மரங்கள் குள்ளமாகி, காற்றில் ஒரு பக்கமாகச் சாய்ந்து, பாசி தொங்க நின்றன. பிறகு வெறும் பாறை. செங்குத்தான மூன்று இடங்களில் கயிறு கட்டியிருந்தது. கயிறு நனைந்து கையில் வழுக்கியது. காற்று புடவைக்குப் பதிலாக அணிந்திருந்த சுடிதாரைப் படபடவென்று அடித்தது.

"கயறு முறுக்கெப் பிடிக்கணும் அம்மா," என்றார் மேலிருந்து அப்புக்குட்டன் காணி. "தாழெ நோக்கண்டா. காலு பாத்து வெச்சா மதி." அவள் கீழே பார்க்காமல் ஏறினாள்.

இரண்டாவது கயிற்றில் அவளுடைய இடதுகால் சறுக்கியது. ஒரு விநாடி முழு உடம்பும் இரண்டு கைகளில் தொங்கியது. கீழேயிருந்து ரோஸ் தன் தோளைக் கொடுத்து அந்தக் காலைத் தாங்கினாள். "சவிட்டிக்கோங்க அக்கா. என்மேல சவிட்டிக்கோங்க!" மிதித்துக்கொண்டு ஏறினாள்.

உச்சிக்குப் போனபோது மணி பத்தரை தாண்டியிருந்தது. அகஸ்தியர் சிலையைத் தவிர ஒன்றுமே தெரியவில்லை. சுற்றிலும் வெள்ளை. பால் பாத்திரத்துக்குள் விழுந்த எறும்புபோல் இருந்தது அவளுக்கு. இளைஞர்கள் படம் எடுத்துக்கொண்டு, குளிரில் கைகளைத் தேய்த்தபடி ஒவ்வொருவராக இறங்கத் தொடங்கினார்கள்.

"பதினொண்ணரைக்கு நாமளும் எறங்கணும்," என்றார் காணி. "மஞ்சு மாறுமோ மாறாதோ, அது மலை நிச்சயிக்கிறதாக்கும்."

அனந்தலக்ஷ்மி ஒரு கல்லில் உட்கார்ந்தாள். மழைக்கோட்டின் முழங்கைகளில் துளிகள் சொட்டிக்கொண்டிருந்தன. வலப்பக்கம் சொட்டுவது ஏதோ ஓடையாகி அரபிக்கடலுக்குப் போகும். இடப்பக்கம் சொட்டுவது தாமிரபரணியாகித் திருநெல்வேலி வழியாகக் கிழக்குக் கடலுக்குப் போகும். தாளில் இதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். தன் இரண்டு முழங்கைகளிலிருந்தும் அது நடப்பதை இப்போதுதான் பார்த்தாள்.

காற்று திசை மாறியது. முதலில் காலடியில் புல் தெரிந்தது. பிறகு புல் முடியும் இடம் தெரிந்தது. அதற்கப்பால் தரையே இல்லை. வெள்ளைத் திரை கிழிந்து, கிழக்கே பாறைச் சுவர்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக இறங்கி இறங்கிப் போயின. அடியில் காரையாறு அணையின் நீர் பச்சைக் கண்ணாடித் துண்டுபோல் கிடந்தது. அதற்கும் அப்பால், வெயிலில், திருநெல்வேலிச் சமவெளி முடிவில்லாமல் விரிந்திருந்தது. நாலு தலைமுறைக்கு முன் அவர்கள் குடும்பம் புறப்பட்டுவந்த கல்லிடைக்குறிச்சி அதில் எங்கேயோ இருந்தது.

"அக்கா, இங்கே திரும்பிப் பாருங்க," என்றாள் ரோஸ்.

மேற்கேயும் திறந்துகொண்டிருந்தது. மலைகள் மலைகளாக, ஒன்றைவிட ஒன்று வெளிறி, பேப்பாறை அணை நீரும் நெய்யாறு அணை நீரும் இடையிடையே மின்ன, கடைசியில் ஊர்கள் எல்லாம் ஒரு மங்கலாகக் கலந்து, அதற்கும் மேலே கடல். கோடாக இல்லை. பெரிய வெளிச்சமாக, வளைந்து நின்றது. அவள் பிறந்து, வளர்ந்து, மணமாகி, மூன்று பிள்ளை பெற்று, முப்பத்தொரு வருஷம் பஸ் ஏறிய நகரம் முழுவதும் அந்த மங்கலில் ஒரு விரற்கடைக்குள் அடங்கிவிட்டது.

"ஸ்தோத்திரம்," என்றாள் ரோஸ் மூச்சுக்குள். காணி தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டார். அனந்தலக்ஷ்மிக்கு ஸ்லோகம் எதுவும் வாயில் வரவில்லை. கைகூப்பவும் தோன்றவில்லை. "அம்மாடி" என்று மட்டும் சொன்னாள். கொஞ்சம் பொறுத்து மறுபடியும் அதையே சொன்னாள். கிழக்கும் மேற்குமாகத் திரும்பித் திரும்பிப் பார்த்துக் கழுத்து வலித்தது. மொத்தம் பத்து நிமிஷம் இருக்கும். பிறகு மஞ்சு ஏறிவந்து எல்லாவற்றையும் மூடியது.

வீட்டுக்குத் திரும்பியபின் இரண்டு வாரம் படிக்கட்டில் பக்கவாட்டாகத்தான் இறங்கினாள். என்ன பார்த்தாய் என்று நாகேஸ்வரன் கேட்ட முதல் நாள் அவள் முட்டுக்குத் தைலம் மட்டும் கேட்டாள். நாலாம் நாள் கேட்காமலேயே சொல்ல ஆரம்பித்தவள், குக்கர் நாலாவது விசில் அடித்ததைக்கூடக் கவனிக்கவில்லை.

"கல்லிடைக்குறிச்சி தெரிஞ்சுதா?"

"எதுன்னு சொல்லத் தெரியலைன்னா. ஆனா இருந்தது. எல்லாமே இருந்தது."

மார்ச்சில், பகலும் இரவும் சமமாக வரும் நாளில், அவள் ரோஸைக் கோட்டைக்கு வரச்சொன்னாள். அன்று சாயங்காலம் பத்மநாபசுவாமி கோயில் கோபுரத்தின் ஒவ்வொரு நிலை ஜன்னல் வழியாகவும் சூரியன் இறங்குவது தெரியும். ஐந்து நிமிஷ நடையில் குடியிருந்தும் அவள் அதைப் பார்த்ததில்லை; எப்போதும் அந்நேரம் அடுக்களையில் இருந்தாள். நாகேஸ்வரனும் கடையை அடைத்துவிட்டு வந்தார்.

மூவரும் கிழக்கு வாசலுக்கு எதிரே கூட்டத்தோடு நின்றார்கள். மேல் ஜன்னலில் சூரியன் வந்து நின்றது, விளக்கேற்றி வைத்தாற்போல். சற்று நேரத்தில் அது மறைந்து அடுத்த நிலையில் தோன்றியது. கருங்கல்லும் சுதையுமான அத்தனை பெரிய கோபுரம் நடுவில் நெருப்பை வைத்துக்கொண்டு அசையாமல் நின்றது. புறாக்கள் பறந்து சுற்றின.

"எவனாக்கும் இதெக் கணக்குக் கூட்டிக் கெட்டினது!" என்றாள் ரோஸ்.

தினமும் இதன் முன்னால் நடந்து கடைக்குப் போகிற நாகேஸ்வரன் வாயைத் திறந்தபடி அண்ணாந்து நின்றார். அனந்தலக்ஷ்மி அவரை ஒருமுறை பார்த்துவிட்டுக் கோபுரத்தின் பக்கம் திரும்பினாள். சூரியன் இன்னும் ஒரு நிலை இறங்கியிருந்தது.