தேன் சேர்க்காத களிம்பு

பிரசவம் முடிந்து அக்கா பிரிக்ஃபீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். பால் கொடுக்கும் ஒவ்வொரு முறையும் தலையணையைக் கடித்துக்கொள்வாள். மார்புக் காம்புகள் இரண்டும் வெடித்திருந்தன. "இப்படியே போனா பால்மாவுக்கு மாறிடுவேன்," என்றாள். சொல்லிவிட்டு அவளே அழுதாள். வயிற்றில் பிள்ளை இருந்தபோதே தாய்ப்பால்தான் என்று முடிவெடுத்திருந்தவள்.

நான் ஒரு பெயின்ட் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். வார இறுதியில் வீட்டில் களிம்பு செய்வேன். வல்லாரை ஊறிய தேங்காயெண்ணெயை வடிகட்டி, அதில் தேன்மெழுகை உருக்கி, ஆற ஆறத் தேனைத் துளித்துளியாக விட்டுக் கலக்க வேண்டும். எண்ணெயோடு தேன் சேராது. கை ஓய்ந்தால் அடியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதைப் பிரியாமல் நிறுத்தப் பழகியதில் எனக்குக் கொஞ்சம் பெருமை உண்டு.

அக்கா அந்தக் களிம்பைத்தான் கேட்டாள். நான் கொடுக்கவில்லை. தேனில் ஒரு கிருமியின் வித்து இருக்கலாம். அது நம்மை ஒன்றும் செய்யாது. ஒரு வயது ஆகாத பிள்ளையின் குடலில் வளர்ந்தால் நஞ்சாகும். காம்பில் தடவுவது நேரே பிள்ளையின் வாய்க்குத்தானே போகும்.

என் செய்முறை எழுதிய தாளை எடுத்து, அதில் தேனை அடித்துவிட்டேன். கசக்குமே என்று வல்லாரையையும் அடித்தேன். மிஞ்சிய எண்ணெயையும் மெழுகையும் அடுப்பில் வைத்திருந்தபோது, கிள்ளானிலிருந்து அக்காவின் மாமியார் வந்தார், கையில் ஒரு போத்தல் தேனோடு.

சேனை வைப்பதற்காகக் கொண்டுவந்திருந்தார். பிறந்த பிள்ளையின் நாக்கில் யார் தேன் தொட்டு வைக்கிறார்களோ அவர்கள் குணம் பிள்ளைக்கு வரும் என்பார்கள். முதல் பேத்திக்கு அதைச் செய்யப் பல மாதங்களாகக் காத்திருந்தவர்.

"தேன் மட்டும் வேணாம் ஆன்டி," என்றேன்.

"ஏன்? உங்க அத்தானுக்கு நான்தான் வெச்சேன். லோரி மாதிரி நிக்கிறான், பாக்கலியா?"

உள்ளறையிலிருந்து அக்கா சிரிப்பது கேட்டது.

"தேன்ல இருக்கிற கிருமியால வர்ற நோய் ஆன்டி, எல்லாப் பிள்ளைக்கும் வராது. வந்துச்சுன்னா மூச்சு விடவே கஷ்டப்படும்."

அவர் முகம் வாடியது. அடுப்பருகே வந்து குனிந்து முகர்ந்தார்.

"இதுலயும் தேன் வாசனதான் வருது. மெழுகு என்ன ஆகாசத்துலேர்ந்தா வந்துச்சு?"

என்னைக் குத்தத்தான் கேட்டார். ஆனால் நான் அடுப்பை அணைத்துவிட்டேன். தேனீ வளர்ப்பவர் ஒருவரிடம் வாங்கிய மெழுகு அது. உருக்கித் துணியில் வடிகட்டியிருந்தேன், அவ்வளவுதான். உருக்கும் சூட்டில் அந்த வித்து சாகாது என்பது எனக்குத் தெரியும். ஆய்வகத்தில் ஒரு கலவை சரியாக வராவிட்டால் இன்னும் எதைச் சேர்க்கலாம் என்றே யோசிப்போம். மெழுகையும் அடித்தபோது என்னிடம் செய்முறை என்று ஒன்றும் இல்லை, தேங்காயெண்ணெய்தான் இருந்தது.

"எண்ண தடவத்தான் யுனிவர்சிட்டிக்குப் போனியாம்மா?" என்றார்.

தேங்காயெண்ணெயில் புதுப் போத்தல் ஒன்றைத் திறந்து அக்காவிடம் கொடுத்தேன். கிளினிக்குக்கும் போன் செய்தேன். எண்ணெய் எரிச்சலைத்தான் குறைக்கும், பிள்ளை காம்பை மட்டும் கவ்வினால் மறுபடியும் வெடிக்கும் என்றார் தாதி. வாயை நன்றாகத் திறக்கவைத்து, மார்போடு ஒட்டி அணைக்கச் சொன்னார். மாமியார் பிள்ளையின் கழுத்தைத் தாங்கிப் பிடித்தார். நான் போனைப் பிடித்தேன். பலமுறை நழுவிய பிறகு பிள்ளை சரியாகக் கவ்வியது. முதல் இழுப்புக்கு அக்கா முகத்தைச் சுளித்தாள். தலையணையைத் தேடவில்லை.

பிள்ளை குடித்து முடித்ததும், அக்காவின் மார்பில் நின்ற ஒரு சொட்டைக் காட்டி மாமியார் என்னிடம் கேட்டார்: "இதுல ஒன்னும் இல்லதானே?"

"இல்ல ஆன்டி. கைய மட்டும் கழுவிட்டு வாங்க."

என்னை முறைத்துக்கொண்டே போய்க் கழுவிவிட்டு வந்தார். அந்தச் சொட்டை விரலில் எடுத்துப் பேத்தியின் நாக்கில் தொட்டு வைத்தார்.

"என்னைய மாதிரியே வரணும்."

"ஐயோ அத்தை, ஒரு வீட்டுக்கு ஒன்னு போதும் லா," என்றாள் அக்கா.

பிள்ளை சப்புக்கொட்டியது.