ஸ்டவ் திரியில் ஏறிய தண்ணீர்

ஏற்காட்டில் எங்கள் மளிகைக் கடைக்குப் பின்னால்தான் வீடு. வீட்டுச் சுவருக்கும் பாறைச் சரிவுக்கும் நடுவே ஒரு கட்டில் போடும் அளவுக்கு இடம் இருந்தது. அங்கே பதினான்கு தொட்டிகளில் ஜெரேனியம் வளர்த்தேன். முந்தைய கோடையில் ஒரு கல்யாணத்துக்காகச் சேலம் போய் எட்டு நாள் கழித்துத் திரும்பியபோது இரண்டைத் தவிர எல்லாம் காய்ந்திருந்தன. அந்த இரண்டிலிருந்து கிளை ஒடித்து நட்டு, மறுபடி பதினான்காக்கியிருந்தேன்.

அடுத்த சித்திரையில் மகளுக்குத் தலைப்பிரசவம். மலையில் வைத்துக்கொள்ளப் பயந்து, சேலத்தில் கொழுந்தனார் வீட்டில் தங்கி ஆஸ்பத்திரியில் பார்ப்பதென்று முடிவானது. குறைந்தது பதினைந்து நாள். கடையையும் பூட்டிவிட்டு எல்லோரும் போகிறோம். பேரப்பிள்ளை வரப்போகும் வீட்டில் செடிகளைப் பற்றிப் பேச வெட்கமாக இருந்தது. ஆனாலும் மனம் அங்கேதான் போய் நின்றது.

மாசியில் ஒருநாள் மண்ணெண்ணெய் ஸ்டவ்வுக்குத் திரி மாற்றிக்கொண்டிருந்தேன். கீழே எண்ணெய் இருக்கிறது, மேலே நெருப்பு எரிகிறது. யாரும் இறைக்காமலே எண்ணெய் திரி வழியாக ஏறிவிடுகிறது. தண்ணீர் மட்டும் ஏன் ஏறாது என்று தோன்றியதும் கை அப்படியே நின்றுவிட்டது. புதுத் திரி ஒன்றின் ஒரு முனையைத் தண்ணீர் டம்ளரிலும் மறுமுனையைக் காய்ந்த மண் கிண்ணத்திலும் வைத்துப் பார்த்தேன். அரை மணி நேரம் ஆகியும் திரி மிதந்ததே தவிர நனையவில்லை. புதுத் துணிபோல அதிலும் ஏதாவது பசை இருக்கும் என்று, சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவைத்து அலசி மறுபடி வைத்தேன். இந்த முறை ஈரம் கண்ணெதிரே ஏறியது. கிண்ணத்து மண்ணில் கறுப்பாக ஒரு வட்டம் பரவத் தொடங்கியது.

கடையில் பருப்பு நிறுத்துக்கொண்டிருந்த வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன்.

"ஏனுங்க, அதை வெச்சுட்டு இங்க வாங்க. தண்ணி தானா மேல ஏறுதுங்க."

அவர் வந்தார். பருப்பு வாங்க நின்றவரும் பின்னாலேயே வந்தார். இருவரும் குனிந்து அந்தக் கிண்ணத்தையே பார்த்துக்கொண்டு நின்றார்கள்.

அன்றைக்கே வேலை ஆரம்பமாகிவிட்டது. பெரிய பிளாஸ்டிக் குழாய் ஒன்றை வீட்டுக்காரர் நீளவாக்கில் அறுத்து, இரு முனையையும் அடைத்துத் தொட்டில்போல ஆக்கித் தண்ணீர் நிரப்பினார். அதன் குறுக்கே கம்பிகள் வைத்து மேலே செடிகளை அடுக்கினோம். ஒவ்வொரு தொட்டியின் அடித்துளையிலும் ஒரு திரியைச் செருகித் தண்ணீரில் தொங்கவிட்டோம். ஒரு வாரம் நான் செடிக்குத் தண்ணீர் ஊற்றவே இல்லை. இலைகள் நிமிர்ந்தே நின்றன. காலையில் எழுந்ததும் அங்கே ஓடுவேன். காபிகூட அதற்குப் பிறகுதான்.

பத்தாம் நாள் இலைகள் தொங்கிவிட்டன. தொட்டிலில் தண்ணீர் நிறைய இருந்தது. ஒரு திரியை உருவிப் பார்த்தேன். செம்மண் படிந்து, காய்ந்த வேர்போல விறைத்திருந்தது. எங்கள் குழாயில் வருவது எப்போதும் கலங்கல் தண்ணீர்தான். துணியில் வடிகட்டிப் பார்த்தேன். மண் துணியையும் தாண்டி வந்தது.

வாரம் ஒருமுறை கரடியூரிலிருந்து எங்கள் கடைக்குக் கொய்யாவும் ஆரஞ்சும் கொண்டுவருகிற பெண் ஒருவர் இருந்தார். என் வயதுதான். நான் திரிகளை அலசிக்கொண்டிருந்ததைப் பார்த்து விவரம் கேட்டார். சொன்னேன். கூடையை இறக்கி வைத்தார்.

"நாங்க ஓடைத் தண்ணிய நேரா மொள்ள மாட்டோமுங்க அக்கா. பக்கத்துல மணல்ல குழி பறிச்சு, அதுல ஊறி வர்றதத்தான் மொள்ளுவோம். அழுக்க மணலே புடிச்சுக்கும்."

அடுத்த வாரம் பழக்கூடையோடு ஒரு மூட்டை ஓடை மணலையும் பஸ்ஸில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டார். நான் கேட்கவே இல்லை.

வீட்டுக்காரர் ஒரு பழைய டிரம்மின் அடியில் குழாய் பொருத்தினார். அடியில் கூழாங்கல், அதன்மேல் கரித்துண்டு, ஒரு துணி, அதற்கு மேல் மணல் என்று நிரப்பினோம். மூன்று பேரும் சுற்றி நிற்க முதல் குடத்தை நான்தான் ஊற்றினேன். குழாயில் மை போலக் கறுப்பாக வந்தது. கரடியூர்க்காரர் சிரித்தார்.

"கரியக் கழுவுனீங்களா?"

கழுவவில்லை. எல்லாவற்றையும் வெளியே கொட்டினோம். கரியையும் மணலையும் தெளிந்த தண்ணீர் வரும்வரை கழுவி மறுபடி நிரப்பினோம். பிற்பகலில் குழாயிலிருந்து சொட்டிய தண்ணீரைக் கண்ணாடி டம்ளரில் பிடித்து வெயிலில் தூக்கிப் பார்த்தேன். என் விரல் ரேகை மறுபக்கம் தெரிந்தது. என் வீட்டுக்காரர் டம்ளரைப் பிடுங்கித் தானும் பார்த்தார். குடித்துவிடுவார்போல இருந்தது. செடிக்கு மட்டும்தான் என்று தடுத்தேன்.

தெளிந்த தண்ணீரைச் சேர்க்க இன்னொரு டிரம் வைத்தோம். அதிலிருந்து ஒரு டியூப் தொட்டிலுக்குப் போனது. தொட்டிலில் நீர் குறைந்தால் மட்டும் திறந்துகொள்கிற சின்ன மிதவைப் பந்து ஒன்றை அவர் சேலத்திலிருந்து வாங்கிவந்து மாட்டினார். அது இறங்கித் திறப்பதையும் ஏறி மூடுவதையும் பார்க்க அக்கம்பக்கத்தினர் வந்து போனார்கள்.

டிரம்மை நிரப்பி வைத்துவிட்டுக் கிளம்பினோம். சேலத்தில் பேத்தி பிறந்தாள். கிளம்பிய பதினெட்டாம் நாள் குழந்தையோடு பஸ்ஸில் மலை ஏறினோம். பஸ்ஸை விட்டு இறங்கியதும் பேத்தியைத் தோளில் போட்டுக்கொண்டு நேராகப் பின்பக்கம் நடந்தேன்.

"அம்மா, மொதல்ல புள்ளைய உள்ள கொண்டு போங்க," என்றாள் மகள். அப்புறம் அவளும் என் பின்னாலேயே வந்துவிட்டாள்.

ஒரு தொட்டியில் மட்டும் திரி நழுவிச் செடி கருகியிருந்தது. மற்ற பதின்மூன்றும் பச்சையாக நின்றன. ஒன்பதில் பூ. டிரம்மில் நான்கு விரல் தண்ணீர் இன்னும் மிச்சம் இருந்தது. நான் அழுதுவிட்டேன். பேத்தி விழித்துக்கொண்டு தானும் அழுதாள்.

கரடியூர்க்காரர் அந்த வாரம் குழந்தையைப் பார்க்க வந்தார். செடிகளையும் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். தன் மிளகு நாற்றுப் பைகளுக்கும் இப்படி ஒன்று செய்ய முடியுமா என்று கேட்டார். அடுத்த திங்கட்கிழமை ஒரு டிரம்மையும் கொதிக்கவைத்த திரிகளையும் எடுத்துக்கொண்டு நானும் அவரும் கரடியூர் பஸ்ஸில் ஏறினோம். டிரம்மை மேலே கட்டச் சொன்னார் கண்டக்டர். எதற்கு என்று அவர் கேட்டதுதான் தாமதம், இருவரும் ஒரே நேரத்தில் சொல்ல ஆரம்பித்துவிட்டோம்.