மூன்றாம் வகுப்பில் ஒரு ராஜா

மைசூருக்கு வந்த புதிதில் என்னைத் தடுமாற வைத்த சொல் ‘ராஜா’. கும்பகோணத்தில் அது கதைகளில் மட்டும் குடியிருந்தது. இங்கே பால்காரர், “மகாராஜா கார் போச்சு, அதான் லேட்” என்கிறார். நாடு குடியரசாகிவிட்டது, பத்திரிகைகள் அவருக்குப் புதுப் பதவிப் பெயர் போடுகின்றன. ஆனாலும் அவரைப் பற்றிப் பேசும்போது இவர்கள் குரல் ஒரு படி இறங்கிவிடும். ஊரில் இருக்கும் உங்களுக்கு இது வேடிக்கையாக இருக்கும். மூன்றாம் வகுப்புக்குக் கதை எழுதச் சொல்லிக்கொடுக்கும்வரை எனக்கும் வேடிக்கைதான்.

கணவருக்கு ரயில்வேயில் மாற்றல். எனக்குப் பள்ளியின் தமிழ்ப் பிரிவில் வேலை. பிள்ளைகள் பார்த்து எழுதுவதில் கெட்டிக்காரர்கள். சொந்தமாக ஒரு வரி எழுதச் சொன்னால் கூரையைப் பார்ப்பார்கள். என் நாட்குறிப்பின்படி, தசரா விடுமுறை முடிந்த முதல் வியாழக்கிழமை, ‘ஒரு ராஜாவுக்கு ஒரு நாள்...’ என்று கரும்பலகையில் எழுதி, மீதியை நீங்களே எழுதுங்கள் என்றேன். கும்பகோணத்துப் பிள்ளைகளிடம் இதே வரியைக் கொடுத்தபோது ராஜாவுக்கு வால் முளைத்தது, கிணற்றில் விழுந்தார், மாமியாரிடம் அடி வாங்கினார். இங்கே ஒரு பென்சிலும் அசையவில்லை.

“மகாராஜரைப் பத்தி சுள்ளு எழுதலாமா டீச்சர்?” என்றான் முன்வரிசைப் பையன். சுள்ளு என்றால் இங்கே பொய்.

“இது வேற ராஜாடா.”

“வேற ராஜா எங்கே இருக்கார்?”

இவர்களுக்குத் தெரிந்த ராஜா ஒருவர்தான். போன மாதம்தான் தசரா ஊர்வலத்தில் தங்க அம்பாரியில், யானைமேல், அவர்கள் தெரு வழியாகப் போனவர். சரசு என்ற சிறுமி மட்டும் தாளை நிரப்பிக் கொடுத்தாள்.

மறுநாள் காலை அவள் அப்பா வந்துவிட்டார். எல்லையோர ராமாபுரத்துக்காரர், அரண்மனையில் ஏணி வைத்து விளக்குப் போடும் வேலை.

“ஏனுங்க டீச்சரம்மா, நம்ம புள்ளை மகாராஜாவைப் பத்தி என்னமோ எழுதிப்போட்டாளாமா. பசங்க தெருவெல்லாம் சொல்லிட்டுத் திரியுதுங்க. மேஸ்திரி காதுக்குப் போனா என் ஏணியைப் புடுங்கிட்டு ஊட்டுக்கு அனுப்பிருவாருங்க. அழிச்சுப்போடுங்க.”

“முடிவைப் படிக்காமயே அழிக்கச் சொல்றாரு டீச்சர்,” என்றாள் சரசு. கண் கலங்கியிருந்தது, குரல் கலங்கவில்லை.

தாளை எடுத்தேன். மேல்பாதி தமிழ். கீழ்ப்பாதி கன்னடம்.

“கதையில அவசரம் வந்துடுச்சு டீச்சர். கன்னடம்னா கை வேகமா ஓடும்.”

எனக்குக் கன்னடம் எழுத்துக் கூட்டித்தான் வரும். அவள் அப்பாவுக்கோ தமிழ் பேச்சில் மட்டும். பள்ளியில் படித்தது கன்னடம். ஆகவே மேல்பாதியை நான் உரக்கப் படித்தேன். அம்பாரியில் போகும் ராஜாவுக்குப் பசி. கீழே எல்லாரும் சுருமுரி கொறிக்கிறார்கள். பொரியும் வெங்காயமும் காரமும் மணக்கிறது. யானை நிற்காது, ராஜா இறங்கக் கூடாது. அவர் அழத் தொடங்குகிறார்.

அப்பாவின் முகம் வெளுத்தது. “அழுவறாருன்னா எழுதியிருக்கு?”

தாளைத் திருப்பி அவரிடம் நீட்டினேன். உதடு அசைய, மெதுவாகப் படித்தார். முதலில் மீசை ஆடியது, பிறகு சிரிப்பில் தோள்.

“என்னங்க போட்டிருக்கு?”

“அத்தனை உசரத்துக்கு யார் கையும் எட்டலையாமுங்க. கம்பத்துல ஏணி போட்டு பல்பு மாட்டிட்டிருந்த ஆளு ஒருத்தன், தன் பொட்டலத்தை அப்படியே ராஜா கையில குடுத்தானாமா.” கண்ணைத் துடைத்துக்கொண்டார். “ராஜாவுக்கு ஏப்பம் வந்துச்சாமா.”

“மேஸ்திரி கேட்டா?” என்றேன்.

“கேக்கட்டுமுங்க. ராஜாவைப் பட்டினி போடலையே.” கொஞ்சம் யோசித்தார். “ஆனா ஏணி மேல தின்பண்டம் கொண்டுபோகக் கூடாதுங்க. அதை மட்டும் மாத்தச் சொல்லுங்க.”

“பேடா, மாத்த மாட்டேன்,” என்றாள் சரசு. பேடா என்றால் இங்கே வேண்டாம்.

தாள் இப்போது வகுப்புச் சுவரில் இருக்கிறது. மற்ற பிள்ளைகளும் எழுதத் தொடங்கிவிட்டார்கள். ராஜாக்களுக்குப் பல்வலி, சளி, கணக்கில் சைபர். ஆனால் வியாழக்கிழமைதோறும் சரசுவின் கதையைத்தான் படிக்கச் சொல்கிறார்கள். மேல்பாதியில் யானையைவிட வேகமாகப் போகிறேன். தமிழ் முடிந்து கன்னடம் தொடங்கும் இடத்தில் விரலை வைத்து, ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டுகிறேன். வகுப்பே மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காகக் காத்திருக்கிறது.

“சீக்கிரம் டீச்சர்,” என்கிறாள் சரசு. “அவருக்குப் பசிக்குது.”