டாப்பெட் சத்தம்

ஒரகடத்தில் கியர்பாக்ஸ் செய்யும் கம்பெனியில் பேச்சிராஜுக்கு இருந்த பெயர் 'காது'. அட்டெண்டன்ஸில்தான் பேச்சிராஜ். மற்றபடி "காது இன்னும் டீ குடிச்சிட்டு வரல", "காதைக் கூப்டு" என்றுதான் லைனில் பேச்சு. அவனும் அதைப் பட்டம் மாதிரி ஏற்றுக்கொண்டிருந்தான். சங்கரன்கோவில் பக்கத்திலிருந்து ஐடிஐ முடித்துவிட்டு கான்ட்ராக்ட்டில் வந்து சேர்ந்தவனுக்கு வேறு யார் பட்டம் கொடுத்தார்கள்?

முழுதாகப் பூட்டிய கியர்பாக்ஸ் லைனின் கடைசியில் பூத் என்கிற ஒரு கண்ணாடி அறைக்குள் வரும். அதை மோட்டாரில் மாட்டிச் சுற்றவிடுவான். பெரிய ஹெட்போனைக் காதில் போட்டுக்கொண்டு கண்ணை மூடிக் கேட்பான். சுத்தமாக ஓடினால் பச்சை பட்டன். உள்ளே பல் சரியாகச் சேராமல் 'ஙீ' என்று இழுத்தால் சிவப்பு. இதைக் கண்டுபிடிக்க மெஷின் உண்டு. அதை வாங்கிப்போட முதலாளிக்கு இன்னும் மனசு வரவில்லை. பேச்சிராஜ் மலிவாகக் கிடைத்திருக்கும்போது அவர் ஏன் அவசரப்பட வேண்டும்?

லைனிலேயே நாற்காலி போட்டிருந்த இடமும், ஏசி இருந்த இடமும் அந்த அறை ஒன்றுதான். கான்ட்ராக்ட் ஆட்களில் பெர்மனென்ட் ஆகப்போகிறவர்களில் அவன் பேரும் அடிபட்டது என்றால் அதுவும் அந்த நாற்காலியால்தான்.

கொஞ்ச காலமாக அவன் சிவப்பு பட்டனை அதிகமாக அழுத்திக்கொண்டிருந்தான். அவன் கழித்த கியர்பாக்ஸ்களைப் பிரித்துப் பார்த்தவர்களுக்கு ஒன்றும் அகப்படவில்லை. பல் நன்றாக இருந்தது, பேரிங் நன்றாக இருந்தது. குவாலிட்டி இன்ஜினியர் கலைமணி, கத்திப் பேசத் தெரியாத பெண், அறைக்குள் வந்து நின்றாள்.

"பேச்சிராஜ், இந்த மாசமும் இப்படியே போச்சுன்னா பூத்ல வேற ஆளப் போடச் சொல்லிடுவாங்க. பெர்மனென்ட்டுக்கு உங்க பேர பூத்த வெச்சுதான் எழுதியிருக்கேன். பூத் போனா அதுவும் போயிடும். புரியுதா?"

"பிரிக்கிறவனுக்குக் கண்ணு இருக்கு மேடம், காது இல்ல. சத்தம் இருக்கு. நான் கேக்கேன்லா."

அதில் அவனுக்குத் துளி சந்தேகமும் இல்லை. சத்தம் என்றாலே ஆகாத மனுஷன் அவன். குன்றத்தூரில் குடியிருந்த வாடகை வீட்டில் ஃபேன் இழுக்கிறது என்று கழற்றி எண்ணெய் விட்டான். மறுபடியும் கழற்றினான். கீழ்வீட்டுத் தண்ணீர் மோட்டாரில் பேரிங் போய்விட்டது என்று வீட்டுக்காரரிடம் போய்ச் சொல்லி, மோட்டார் புதுசு என்று பதில் வாங்கிக்கொண்டு வந்தான்.

"அந்தக் காதைக் கம்பெனியிலேயே கழட்டி வச்சிட்டு வாங்களேன்," என்பாள் மனைவி செல்வலட்சுமி. "வீட்ல மனுசி பேசறது மட்டும் விழ மாட்டேங்கு. ஃபேன் பேசறது விழுது."

இப்படிப்பட்டவனின் கையில் ஒரு பழைய பைக் மாட்டினால் அது என்ன பாடுபடும்? தென்காசி நம்பர் போட்ட நூறு சிசி வண்டி, பழைய ரூம்மேட்டிடம் வாங்கியது. ஒழுங்காகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. என்ஜின் தலையில் 'கிச் கிச்' என்று, வால்வை அழுத்தும் டாப்பெட் அடித்துக்கொண்டிருந்தது, எல்லாப் பழைய வண்டிக்கும் அடிப்பதுபோல. பேச்சிராஜுக்குப் பொறுக்கவில்லை. மூடியைக் கழற்றி ஸ்குரூவை இறுக்கினான். கிச் கிச் நின்றது. ஆனால் அதற்குப் பின்னால் மெலிசாக ஒரு 'ஙீ' இருந்தது. இன்னும் கால் சுற்று இறுக்கினான். அது போகவில்லை. இன்னும் கொஞ்சம். நல்ல பாட்டுக்காரனின் வாயைப் பொத்துகிற மாதிரி அந்த என்ஜினைப் பொத்திவிட்டு, வண்டி இப்போது பட்டு மாதிரி ஓடுகிறது என்று லைனில் சொல்லிக்கொண்டான்.

பட்டு ஒரு வாரம்கூடத் தாங்கவில்லை. வண்டி மிஸ்ஸிங் அடிக்க ஆரம்பித்தது. ஒரகடம் சிக்னலில் நின்றால் நின்றதுதான். காலையில் உதைத்தால் கிளம்பும், நாலு கிலோமீட்டர் போனதும் விக்கும், சைலன்சரில் 'பட்' என்று வெடிக்கும். பிளக் மாற்றினான். கார்புரேட்டரைக் கழற்றிக் கழுவினான். பெட்ரோலில் தண்ணீர் கலக்கிறார்கள் என்று பங்க்கை மாற்றினான். சைலன்சர் என்ஜினிலிருந்து வளைந்து இறங்கும் இடம் சூட்டில் நீலம் பாரித்திருந்தது. அதையும் பார்த்தான், துடைத்துவிட்டான்.

மே மாதத்துச் செவ்வாய்க்கிழமை, அவனுக்கு வார லீவு. செல்வலட்சுமி வல்லக்கோட்டை முருகனுக்கு வேண்டிக்கொண்டிருந்தாள், பெர்மனென்ட்டுக்காக. போய்க் கும்பிட்டுவிட்டுத் திரும்பும்போது வண்டி விக்கி, வெடித்து, நடுரோட்டில் உயிரை விட்டது. அவசரமாக இறங்கியவளின் கெண்டைக்காலில் சைலன்சர் பட்டது. பட்ட இடத்தில் தோல் வழன்றுவிட்டது. அவள் கத்தவில்லை. உதட்டைக் கடித்துக்கொண்டு அவனை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வைக்குக் கத்தியிருந்தால் தேவலை.

தள்ளிக்கொண்டு போன தூரத்தில், ரோட்டைவிட்டு உள்ளே தாண்டவராயனின் மெக்கானிக் ஷெட் இருந்தது. உள்ளூர்க்காரர். அவர் நிலத்தில் பாதி கம்பெனிக்குப் போய், மீதியில் இந்த ஷெட். செல்வலட்சுமியின் காலைப் பார்த்ததும் முதலில் குழாயடியைக் காட்டினார்.

"தண்ணில காமிம்மா. நெறய நேரம் காமி. பேஸ்ட்டு கீஸ்ட்டு தடவாத," என்றார். பிறகுதான் வண்டியிடம் வந்தார். "இன்னா பண்ணுது?"

"மிஸ்ஸிங் அண்ணே. சைலன்சரு கொதிக்கு. பிளக்கு, கார்புரேட்டரு எல்லாம் பாத்தாச்சு."

"நீயே எல்லாம் பாத்துட்டியா. சரி, ஆறட்டும் குந்து. சூட்ல தொறந்தா ஒண்ணும் தெரியாது."

ஆறுவதற்குள் பிளக்கைக் கழற்றிப் பார்த்தார். முனை வெளுத்துச் சாம்பலாக இருந்தது. காற்று எங்காவது திருட்டுத்தனமாக உள்ளே போகிறதா என்று கார்புரேட்டர் இணைப்பைத் தடவிப் பார்த்தார். அங்கே குறையில்லை. என்ஜின் நன்றாக ஆறிய பிறகு டாப்பெட் மூடியைத் திறந்து, வால்வை அழுத்தும் கையைப் பிடித்து ஆட்டினார். ஆடவில்லை. இடைவெளி அளக்கும், தகடு மாதிரி இருக்கும் கேஜில் ஆக மெல்லியதைச் செருகிப் பார்த்தார். அது நுழையவில்லை.

"யாருப்பா இதுல கை வெச்சது?"

"நான்தான். சத்தம் வந்துச்சு."

"சத்தம் வரணும்ப்பா. வால்வு சூட்டுல நீளும். நீள்றதுக்கு எடம் வாணாவா? நீ எடமே குடுக்கல. அது மூடாமயே கீது. உள்ள எரிய வேண்டிய நெருப்பு பாதி சைலன்சர்ல வந்து எரியுது. அதான் மிஸ்ஸிங், அதான் சூடு. அந்தப் பொண்ணு கால்ல பட்டதும் அதான்."

பேச்சிராஜ் குழாயடியைத் திரும்பிப் பார்த்தான்.

இன்னும் நாலு நாள் ஓட்டியிருந்தால் வால்வு எரிந்திருக்கும் என்றார் தாண்டவராயன். இடைவெளி வைத்துப் பூட்டி, உதைத்தார். வண்டி முதல் உதையிலேயே பிடித்தது. விக்கவில்லை, வெடிக்கவில்லை. தலையில் கிச் கிச் என்று டாப்பெட் அடித்தது. பேச்சிராஜ் முகம் சுளித்தான்.

"டாப்பெட் இருக்கட்டும் அண்ணே, நீங்க சொன்னாச் சரி. அதுக்குப் பின்னால ஒண்ணு இழுக்குல்லா, மெல்லிசா. அதுக்குத்தான் நான் இறுக்குனதே."

தாண்டவராயன் குனிந்து கேட்டார். நீளமான ஸ்குரூடிரைவரின் முனையை என்ஜினில் வைத்து, பிடியைக் காதோரம் ஒட்டிக் கேட்டார். உதட்டைப் பிதுக்கி, அதை அவனிடம் கொடுத்தார். அவனும் அப்படியே வைத்து, பூத்தில் கேட்பதுபோலக் கண்ணை மூடிக்கொண்டான்.

"இருக்கு அண்ணே. இந்தா கேக்குல்லா."

கரண்ட் போயிருந்ததால் ஷெட்டில் ஃபேன் ஓடவில்லை, கம்ப்ரெஸரும் ஓடவில்லை. தாண்டவராயன் கையை நீட்டிச் சாவியைத் திருப்பினார். என்ஜின் நின்றது.

"ஆங், இப்பத்தான் நல்லாத் தெரியுது," என்றான் பேச்சிராஜ்.

அவன் கண்ணைத் திறந்தான். தாண்டவராயன் சாவியும் கையுமாக அவனையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"வண்டி ஆஃப்ல கீதுப்பா," என்றார் மெதுவாக.

அவன் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்துவிட்டுச் செல்வலட்சுமியிடம் போனான். "உனக்கு எதாவது கேக்கா?"

"என்ன கேக்கணும்? காக்கா கத்துது."

அவனுக்கும் காக்கா கேட்டது. காக்காவுக்குப் பின்னால் அதுவும் கேட்டது. ஃபேனில் கேட்ட அதே சத்தம், கீழ்வீட்டு மோட்டாரில் கேட்ட அதே சத்தம், சிவப்பு பட்டன் போட்ட அத்தனை கியர்பாக்ஸிலும் கேட்ட அதே சத்தம். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் வண்டி அருமையாக ஓடியது.

மறுநாள் பூத்தில் முதல் கியர்பாக்ஸை மாட்டுவதற்கு முன்பே கதவைச் சாத்தி, மோட்டாரைப் போடாமல் உட்கார்ந்து கேட்டான். பிறகு கலைமணியைக் கூப்பிட்டு அனுப்பினான். சொல்லாமல் இருந்திருக்கலாம். கண்ணை மூடிக்கொண்டு எல்லாவற்றுக்கும் பச்சை அழுத்தியிருந்தால் மாசக்கடைசி தாண்டியிருக்கும், பெர்மனென்ட்டும் ஆகியிருக்கும். இரவெல்லாம் அதைத்தான் யோசித்தான். ஆனால் அவனுக்கு அந்தப் பட்டம் பெரிது. இல்லாததைக் கேட்கும் காதை வைத்துக்கொண்டு காது என்று கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அவனால் முடியாது.

"பீஸ்ல சத்தம் இல்ல மேடம். என் காதுலதான்."

கலைமணி கேட்டது அவன் நினைத்துப் பார்க்காத கேள்வி. "அப்போ நீங்க பச்சை போட்டதெல்லாம்?"

அவன் ஹெட்போனை எடுத்து அவளிடம் நீட்டினான்.

கம்பெனி டாக்டர் டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு, வருஷக்கணக்காக ஹெட்போனில் சத்தமாகக் கேட்டதால் வந்தது, பழகிக்கொள்ள வேண்டியதுதான் என்றார். பெர்மனென்ட் விஷயத்தை நான் பேசிப் பார்க்கிறேன் என்றாள் கலைமணி. பேசிப் பார்க்கிறேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஒரகடத்தில் எல்லோருக்கும் தெரியும்.

அவனைப் பிரஸ் ஷாப்புக்கு மாற்றினார்கள். தகடு வெட்டும் இடம், பக்கத்தில் நிற்பவன் கூப்பிட்டால் காதில் விழாது. முதல் நாளே சூப்பர்வைசர் மஞ்சள் நிறத்தில் இரண்டு பஞ்சு அடைப்பான்களைக் கையில் கொடுத்து, இது இல்லாமல் உள்ளே நிற்கக் கூடாது, காது போய்விடும் என்றார். பேச்சிராஜ் உருட்டி இரண்டு காதிலும் வைத்துக்கொண்டான். மெஷின்களெல்லாம் தூரத்துக்குப் போய்விட்டன. மிச்சமிருந்த அந்த ஒரு சத்தத்தோடு ஷிப்ட் முடியும்வரை நின்றான்.