புழு வீட்டில் ஒரு கிதார்

கிதார் என்ற சாமானை நான் முதன்முதலில் பார்த்தது ஒரு கோணிப்பைக்குள். என் தாய்மாமா அதைப் பெங்களூரிலிருந்து பஸ்ஸில் மடியிலேயே வைத்துக் கொண்டுவந்திருந்தார். வாசலிலேயே நின்று, உள்ளே வராமல், அம்மாவை மட்டும் கையசைத்துக் கூப்பிட்டார். அவர் வாசித்துக்கொண்டிருந்த கல்யாணக் கச்சேரிக் குழு கலைந்துவிட்டதாம். வேறு இடம் கிடைக்கும்வரை இதை எங்காவது வைக்க வேண்டும். தன் வீட்டில் வைத்தால் அவருடைய அப்பா அதை அடுப்பெரிக்க எடுத்துக்கொள்வார் என்று பயந்தார்.

அம்மா பையைப் பிரித்துப் பார்த்தாள். "ஏன்டா, மூணு வருசமா இதத்தான் புடிச்சிக்கிட்டு இருந்தியா? ஒரு எருமக் கன்னுக்குட்டியப் புடிச்சிருந்தா இந்நேரம் பால் கறந்திருக்கலாம்."

"அக்கா, ரெண்டே மாசம். மாமாவுக்கு மட்டும் தெரிய வேணாம்."

மாமா என்று அவர் சொன்னது என் அப்பாவை. அப்பாவுக்கு ஒன்றைத் தெரியாமல் வைப்பதற்கு எங்கள் வீட்டில் இடமே கிடையாது. பக்கத்தில் பட்டுப்புழு வளர்க்கும் ஓலைக் கொட்டகை இருந்தது. அதை நாங்கள் புழு வீடு என்போம். அதன் மூலையில் ஆள் உயரத்துக்கு மேல் ஒரு பரண். முற்றிய புழுக்களைக் கூடு கட்டுவதற்காக எடுத்து விடும் வட்டமான மூங்கில் தட்டிகளை, சந்திரிகை என்று பெயர், அந்தப் பரணில் அடுக்கியிருந்தார்கள். புழு முற்ற இன்னும் மூன்று வாரத்துக்கு மேல் இருந்தது. அதுவரை பரணுக்கு யாரும் போக மாட்டார்கள். சந்திரிகைகளுக்குப் பின்னால் கிதார் படுத்துக்கொண்டது.

ஏணியைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான். மாமா இறங்கி வந்து என் தலையில் தட்டினார்.

"மாப்ள, இது பாம்பு மாதிரி. தெரியாதவன் தொட்டா கடிச்சிரும். கம்பி அறுந்துச்சின்னா வாங்க பெங்களூருக்குத்தான் போவணும். தெரிதா?"

தெரிந்தது. அதனால்தான் தொட வேண்டும் என்று தோன்றியது.

எனக்கு அப்போது பத்து வயது முடிந்திருந்தது. எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஜூன் மாதம் கடத்தூர்ப் பெரிய பள்ளிக்கூடத்தில் ஆறாம் வகுப்பு சேர வேண்டும். "இந்தப் புழு நல்லபடியா கூடு கட்டி எறங்கட்டும். சட்ட, நிக்கரு, பையி எல்லாம் எடுத்துரலாம்" என்று அப்பா சொல்லியிருந்தார். அவர் சொன்னால் செய்வார். ஆனால் நிறையச் சொல்ல மாட்டார். நானும் அப்படித்தான். இரண்டு ஊமைகளை வைத்துக்கொண்டு குடித்தனம் நடத்துகிறேன் என்று அம்மா வருவோர் போவோரிடம் சொல்லுவாள்.

கடத்தூருக்குப் போகும் தனியார் பஸ் தினமும் காலையில் எங்கள் ஊர் முக்கில் நின்று ஹாரன் அடிக்கும். சாதாரண ஹாரன் அல்ல. ஒன்றன்பின் ஒன்றாக ஐந்து சத்தம், பாட்டு மாதிரி வரும். ஐந்தாவது உயரே போய் நின்றுவிடும். ஜூன் மாதம் அந்த ஹாரன் எனக்காக அடிக்கும் என்று நினைத்துக்கொள்வேன். கிதாரைப் பார்த்ததிலிருந்து, அந்த ஐந்து சத்தமும் அதற்குள் இருக்கும் என்று எனக்கு எப்படியோ தோன்றிவிட்டது. எடுத்துப் பார்க்க வேண்டியதுதான் பாக்கி.

பட்டுப்புழு நான்கு முறை தோலுரிக்கும். ஒவ்வொரு முறையும் தழை தின்பதை நிறுத்தி, தலையைத் தூக்கிக்கொண்டு ஒரு நாளுக்கு மேல் அசையாமல் கிடக்கும். அதை நாங்கள் தூக்கம் என்போம். தூக்கத்தின்போது தழை போட வேண்டியதில்லை, ஆகவே யாரும் உள்ளே போவதில்லை. தூங்குகிற புழுவைக் கலைக்கக் கூடாது என்பதில் அப்பா கறாராக இருந்தார். அம்மாவுக்குத் தும்மல் வந்தால் முந்தானையை மூக்கில் வைத்துக்கொண்டு வெளியே ஓடி வந்து தும்முவாள். அப்படிப்பட்ட இடத்தில், அந்த நாளில் மட்டும்தான் ஆள் நடமாட்டம் இருக்காது என்று கணக்குப் போட்ட என் புத்தியை என்னவென்று சொல்வது?

இரண்டாம் தூக்கத்தன்று போனேன். வாசலில் வாளியில் பிளீச்சிங் பவுடர் தண்ணீர் இருக்கும். கைகால் அதில் நனைத்துத்தான் உள்ளே போக வேண்டும். நனைத்துக்கொண்டேன், அதில் குறை வைக்கவில்லை. பரணில் ஏறி, பையை விலக்கி, ஒரு கம்பியை ஒரு விரலால் தொட்டேன். சத்தம் கொட்டகை முழுவதும் சுற்றி வந்த மாதிரி இருந்தது. அதற்கு மேல் தைரியம் இல்லை. இறங்கி ஓடி, கிணற்றடியில் போய் உட்கார்ந்துகொண்டேன். யாரும் வரவில்லை. யாரும் வராதது எனக்குப் போதுமானதாக இருந்தது.

மூன்றாம் தூக்கத்தில் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். கம்பியை இடது கை விரலால் அழுத்தினால் சத்தம் மாறுகிறது, கீழே போகப் போக உயருகிறது என்பதை நானே கண்டுபிடித்தேன். உலகத்தில் வேறு யாருக்கும் தெரியாத விஷயம் என்று நினைத்தேன். அழுத்துவது பெரிய வேதனை. கம்பி சதைக்குள் இறங்கி, விரல் நுனியில் கோடு கோடாக வெட்டியது. இருந்தாலும் அன்று ஹாரனின் மூன்று சத்தங்கள் கிடைத்துவிட்டன. இறங்கும்போது கீழே பார்த்தேன். தட்டு தட்டாக ஆயிரக்கணக்கான புழுக்கள் தலையைத் தூக்கிக்கொண்டிருந்தன. நான் வாசித்ததைக் கேட்டுக்கொண்டிருப்பதாகவே பட்டது. என் வாழ்நாளில் அவ்வளவு பெரிய கூட்டத்தின் முன்னால் நான் எதையும் செய்ததில்லை.

மறுநாள் தழை போடப் போகும்போது வாளித் தண்ணீரில் கையை வைத்தேன். வெட்டுப்பட்ட விரல்களில் தீ வைத்தது போல எரிந்தது. அம்மா என் கையைப் பிடித்துத் திருப்பிப் பார்த்தாள்.

"வெரலுக்கு என்னாச்சி சாமி?"

"தழ கிள்ளும்போது பட்டுருச்சிம்மா."

"மல்பெரி என்ன முள்ளுச் செடியா?" என்றாள். அதற்கு மேல் கேட்கவில்லை. ஆனால் அன்றிலிருந்து அவள் என்னைப் பார்க்கும்போதெல்லாம் கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

நான்காம் தூக்கம்தான் கடைசி. அது முடிந்தால் ஒரு வாரம் புழு ராட்சதப் பசியோடு தின்னும், பிறகு கூடு கட்டும், சந்திரிகையை இறக்குவார்கள். எனக்கு வேறு நாள் கிடையாது. அன்று காலை அம்மா ரேஷன் கடைக்குப் போயிருந்தாள். அப்பா மருந்தடிக்கும் டிரம்மை முதுகில் மாட்டிக்கொண்டு கத்தரிக்குப் போனார். மல்பெரித் தோட்டத்து ஓரமாக நாலு வரி கத்தரி வைத்திருந்தோம், அதில் காய்ப்புழு விழுந்திருந்தது. அவர் திரும்ப ஒரு மணி நேரமாவது ஆகும் என்று சந்தோஷப்பட்டேன். காற்று நல்ல வேகம். வாசலில் சூடு தணியத் தொங்கவிட்டிருந்த ஈரக்கோணி உள்பக்கமாக உப்பி உப்பி அடங்கிக்கொண்டிருந்தது. அது அசையும்போதெல்லாம் அப்பாதான் வருகிறார் என்று கம்பிகளைக் கையால் பொத்திக்கொண்டேன்.

நாலு சத்தமும் வந்துவிட்டன. ஐந்தாவது மட்டும் சிக்கவில்லை. மெல்லிய கம்பியில் அடிவரை விரலை நகர்த்திப் பார்த்தேன், இன்னும் கொஞ்சம் உயரம் வேண்டியிருந்தது. தலைப்பக்கம் இருந்த திருகைத் திருகினேன். உயர்ந்தது. இன்னும் ஒரு சுற்று. இன்னும் கொஞ்சம். இதோ வந்துவிட்டது என்று நினைத்த நேரத்தில் கம்பி அறுந்து என் கன்னத்தில் சாட்டையாக அடித்தது.

அந்தச் சத்தத்தை இப்போதும் என்னால் கேட்க முடியும். அப்படியே கிதாரை இறுக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். முதலில் மாமாவை நினைத்தேன். பிறகு அப்பாவை. அதற்குப் பிறகுதான் கீழே பார்த்தேன். ஒரு புழுவும் அசையவில்லை. எல்லாத் தலைகளும் அப்படியே தூக்கியிருந்தன. ஆனால் இப்போது அவை என்னைப் பார்த்துக்கொண்டிருந்தன.

அறுந்த கம்பியைச் சுருட்டி, குப்பைமேட்டுக்குப் பின்னால் குழி தோண்டிப் புதைத்தேன். கன்னத்துக் கோட்டுக்கு மல்பெரிக் குச்சியின் மேல் பழியைப் போட்டேன்.

மறுநாள் மாலை புழுக்கள் விழித்தன. அப்பா தழை அறுத்து வந்து போட்டார். மழை பெய்கிற மாதிரி அவை தின்னும் சத்தம் கேட்டதும் எனக்குப் பாதி உயிர் வந்தது. மீதி உயிரும் வருவதற்குள் விடிந்துவிட்டது. காலையில் அம்மாவின் குரல்தான் என்னை எழுப்பியது.

"அய்யய்யோ, இங்க வாங்களேன்! புழு எல்லாம் என்னாமோ பண்ணுது பாருங்களேன்!"

தட்டுகளில் புழுக்கள் நெளிந்து நெளிந்து, தலையை இப்படியும் அப்படியும் ஆட்டி, பச்சையாகக் கக்கிக்கொண்டிருந்தன. பாதி அதற்குள் செத்துச் சுருங்கிவிட்டன. அப்பா ஒரு புழுவை உள்ளங்கையில் எடுத்து வைத்து வெகுநேரம் பார்த்தார். நான் கதவோரம் நின்று அவர் முகத்தைப் பார்த்தேன். தூக்கம் கலைந்த புழு இப்படித்தான் சாகும் போலிருக்கிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

மதியம் பட்டு ஆபீசர் மொபெட்டில் வந்தார். குனிந்து பார்த்து, மோந்து பார்த்து, நிமிர்ந்தார்.

"பக்கத்துல எங்கயாச்சும் மருந்து கிருந்து அடிச்சாங்களாப்பா?"

"இல்லீங்க சார்" என்றார் அப்பா.

"உள்ள வெளியாளு யாராச்சும் வந்தாங்களா? தூக்கத்துல எதுனா தொந்தரவு?"

அப்பா தலையைத் திருப்பினார். அவர் கண் நேராக என் மேல் வந்து விழுந்தது. ஒரே ஒரு நொடிதான். உடனே வேறு பக்கம் பார்த்துக்கொண்டார். அவருக்குத் தெரிந்துவிட்டது.

செத்த புழுக்களைக் கூடை கூடையாகக் கொண்டுபோய்க் குழியில் கொட்டி, சுண்ணாம்பு போட்டு மூடினோம். நானும் சுமந்தேன். பிறகு கொட்டகை முழுவதும் கழுவ வேண்டும் என்று பரணிலிருந்து சந்திரிகைகளை இறக்க ஆரம்பித்தார்கள். ஏணியில் ஏறிய அப்பா ஒவ்வொன்றாகக் கொடுத்தார், கீழே நின்று நான் வாங்கினேன். இன்னும் எத்தனை இருக்கின்றன என்று எண்ணிக்கொண்டே வாங்கினேன். கடைசிச் சந்திரிகைக்குப் பிறகு அவர் கை சற்று நேரம் கீழே வரவில்லை. வந்தபோது அதில் கோணிப்பை இருந்தது.

அப்பா இறங்கி, பையைப் பிரித்து, அறுந்த கம்பி இருந்த இடத்தை விரலால் ஒருமுறை தடவினார். நான் கண்ணை மூடிக்கொண்டேன். அடி விழவில்லை.

"உன் தம்பி சாமானா?" என்று அம்மாவைக் கேட்டார்.

"ஆமாங்க. நான்தான் வெக்கச் சொன்னேன்" என்றாள் அம்மா, அழுகிற குரலில்.

"வெயில்ல வெக்காத. பொளந்துக்கும்" என்றார். அவ்வளவுதான். அடித்திருந்தால் தேவலை என்று நான் நினைத்தது அந்த ஒரு தடவைதான்.

ஜூன் பிறக்க நாலைந்து நாள் இருந்தபோது, சாப்பிட்டுக்கொண்டிருந்தவர் தட்டைப் பார்த்தபடியே சொன்னார்: "இந்த வருசம் பள்ளிக்கூடம் வேணாம்டா. அடுத்த வருசம் பாத்துக்கலாம்."

"சரிங்கப்பா" என்றேன்.

தண்டனை இதுதானா என்று எனக்கு ஒரு வகையில் நிம்மதியாகக்கூட இருந்தது. அம்மா என் முகத்தையே பார்த்தாள். "அழுவக்கூட மாட்டேங்கறானே இவன்" என்றாள். எப்படி அழுவேன்? கொன்றவன் நான். அடுத்த வருடம் வந்தது. அவர் எதுவும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. அதற்கடுத்த வருடம் கேட்கிற வயது போய்விட்டது.

மாமா ஆவணியில் வந்து கிதாரை எடுத்துக்கொண்டு போனார். மிச்சமிருந்த ஐந்து கம்பிகளைப் பார்த்தார், என் கன்னத்தைப் பார்த்தார். "என்ன மாப்ள, கடிச்சிருச்சா?" என்று கேட்டுச் சிரித்தார். யாரிடமும் சொல்லவில்லை.

போன வருடம் என் மகள் கல்லூரி முடித்து வேலைக்குப் போகும்போது, தன் கிதாரை வீட்டில் விட்டுப் போனாள். யாரும் இல்லாத நேரமாகப் பார்த்து எடுத்தேன். போனில் ஒருவர் விரலை எங்கே வைப்பது என்று காட்டுகிறார். இந்த வயதிலும் விரல் நுனி அதே மாதிரிதான் வெட்டுப்படுகிறது. அன்றும் அந்த ஐந்து சத்தத்தைத்தான் தேடி வாசித்துக்கொண்டிருந்தேன். யாரும் இல்லை என்று நினைத்தேனே தவிர, கட்டிலில் அப்பா இருந்தார். காது மந்தம் என்பதால் அவரைக் கணக்கில் சேர்க்கவில்லை.

"அது பழைய பஸ்சு ஹாரன்தான?" என்றார்.

முப்பத்தைந்து வருடத்துக்கு மேல் வயிற்றில் கிடந்ததை அன்று சொன்னேன். பரணில் ஏறியது, கம்பி அறுந்தது, தூங்குகிற புழுவைக் கலைத்தது எல்லாம். அவர் முதலில் சிரித்தார்.

"கிறுக்கா, புழுவுக்கு ஏதுடா காது?"

பிறகு மேல்துண்டை மடித்து, பிரித்து, மறுபடி மடித்தார்.

"கத்தரிக்கு அடிச்ச மருந்துடா. ஓரத்துல ரெண்டு வரி தழைய வுட்டுட்டுத்தான் அறுத்தேன், அது போதும்னு நெனச்சிட்டேன். அன்னிக்குக் காத்து அப்படி." துண்டைத் தோளில் போட்டுக்கொண்டார். "ஆபீசர் கேட்டப்ப உன்னப் பாத்தேன். டிரம்மு மாட்டிக்கிட்டுப் போனத நீதான பாத்த. சொல்லிருவியோன்னு பயந்துட்டேன். நீ சொல்லல. பள்ளிக்கூடம் வேணாம்னப்பவும் வாயத் தெறக்கல. ஒருதரம் அழுதிருந்தீனா எங்கயாச்சும் கைமாத்து வாங்கிச் சேத்திருப்பேன்டா. எல்லாம் தெரிஞ்சிக்கிட்டுத்தான் பேசாம இருக்கறான், இவன்கிட்ட இனி என்ன பேசறதுன்னு வுட்டுட்டேன்."

அந்த ஜூனில் பள்ளிக்கூடம் திறந்த அன்று காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. புதிதாக முட்டை வாங்கிப் புழு பொரித்திருந்தது. ஒரே தட்டின் இரண்டு பக்கமும் நின்று நானும் அப்பாவும் தழையைப் பொடியாக நறுக்கித் தூவிக்கொண்டிருந்தோம். முக்கில் ஹாரன் அடித்தது. ஐந்தாவது சத்தம் உயரே போய் நின்றது. நான் நிமிர்ந்து அப்பாவைப் பார்த்தேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். பஸ் புறப்பட்டுப் போய்ச் சத்தம் முழுவதும் ஓயும்வரை நிமிரவே இல்லை. என் மேல் இன்னும் கோபம் தீரவில்லை என்று நினைத்து, நானும் குனிந்துகொண்டேன்.